உலையில் சுடும்போது மேற்பரப்பைக் காப்பது எப்படி: வினையூக்கிகளுக்கும் சவ்வுகளுக்குமான முழுமையான வழிகாட்டி

வினையூக்கி ஆனாலும் வடிகட்டும் சவ்வு ஆனாலும், வேலை நடக்கும் இடம் அதன் மேற்பரப்புதான். உள்ளே இருக்கும் பருமன் அந்த மேற்பரப்பைத் தாங்கி நிற்கிறது. உலையின் வெப்பம் அந்த மெல்லிய அடுக்கை உருவாக்குகிறது. சற்று மிகுந்தாலோ, தவறான நேரத்தில் வந்தாலோ, அதை அழித்தும் விடுகிறது. புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் எத்தனை டிகிரி, எத்தனை மணி நேரம் என்ற இரண்டை மட்டுமே கேட்கிறார்கள். நான் பார்த்த வரையில் சரக்கு கெடுவது அந்த இரண்டினால் குறைவு. உலை சூடேறும் முதல் சில மணி நேரத்திலும் அணைத்த பிறகு வரும் மணி நேரங்களிலும்தான் அதிகம் கெடுகிறது.

மலேசியாவின் பினாங்கு மாநிலத்திலுள்ள நிபோங் திபால் போன்ற ஒரு தோட்டப்புற நகரத்தில், ஒரே ஒரு மஃபிள் உலையை (மின்சாரத்தால் சூடாகும் மூடிய பெட்டி உலை) வைத்துக்கொண்டு வேலை செய்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சுற்றிலும் செம்பனைத் தோட்டங்களும் ஆலைகளும் இருப்பதால் எண்ணெயும் ஆலைக் கழிவுநீரும் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன. கடலும் பக்கம் என்பதால் கெராங் என்ற சிப்பி வகையின் ஓட்டுக்குப் பஞ்சமில்லை. ஆகவே இரண்டு எடுத்துக்காட்டுகளை முதல் படியிலிருந்து கடைசிப் படி வரை கொண்டுசெல்கிறேன். ஒன்று, கெராங் ஓட்டைச் சுட்டு, செம்பனை எண்ணெயிலிருந்து பயோடீசல் தயாரிக்க உதவும் சுண்ணாம்பு வினையூக்கியாக்குவது. மற்றொன்று, நுண்துளைகள் கொண்ட அலுமினாக் குழாயின் மேல் காமா அலுமினாவை (அலுமினிய ஆக்சைடின் நுண்துளை மிகுந்த படிக வகை) மெல்லிய அடுக்காகப் பூசிச் சுட்டு, சவ்வாக்குவது.

வீட்டுக் குடிநீர் வடிகட்டியில் இருக்கும் பாலிமர் சவ்வுகளுக்கு இது பொருந்தாது. அவை பொதுவாக 45 டிகிரி வரைதான் தாங்கும். அவற்றை உலையின் பக்கமே கொண்டுபோகக் கூடாது. இந்தக் கட்டுரை முழுவதிலும் டிகிரி என்றால் செல்சியஸ் டிகிரியே.

1. எந்த மாற்றம் வேண்டும் என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்

வெப்பத்தால் மேற்பரப்பில் நான்கு வகை மாற்றங்கள் நிகழலாம்: ஒட்டியிருக்கும் நீரும் வாயுவும் வெளியேறுவது, சேர்மம் சிதைந்து வேறொன்றாவது, படிக அமைப்பு மாறுவது, துகள்கள் உருகாமலேயே ஒன்றோடொன்று ஒட்டிப் பெருத்துவிடுவது. முதல் இரண்டும் நமக்கு வேண்டும். நான்காவது வேண்டவே வேண்டாம். மூன்றாவது பொருளைப் பொறுத்தது. ஒரே வெப்ப ஏற்றத்தில் இவை ஒன்றன்மேல் ஒன்றாக வருவதால்தான், எங்கே நிறுத்துவது என்பதை உலையை மூட்டுவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

கெராங் ஓடு ஏறக்குறைய முழுவதும் கால்சியம் கார்பனேட்டு. அது கார்பன் டைஆக்சைடை விட்டுச் சுட்ட சுண்ணாம்பாக (கால்சியம் ஆக்சைடு) மாறும்போது எடையில் 44 விழுக்காட்டை இழக்கும். இந்தச் சிதைவு எத்தனை டிகிரியில் நடக்கும் என்பதற்கு ஒற்றை விடை கிடையாது. ஓட்டைச் சுற்றி எவ்வளவு கார்பன் டைஆக்சைடு தேங்கியிருக்கிறது என்பதே அதை முடிவு செய்கிறது. வளிமண்டல அழுத்தத்தில் தூய கார்பன் டைஆக்சைடு சூழ்ந்திருந்தால், 900 டிகிரியை ஒட்டிய பிறகுதான் சிதைவு முன்னேறும். காற்றோட்டம் நன்றாக இருந்தால் 700 டிகிரிக்கு அருகிலேயே மெதுவாகத் தொடங்கி, 800 டிகிரியில் சில மணி நேரத்தில் முடிந்துவிடும். மூடி போட்ட மூசையில் (அதிவெப்பம் தாங்கும் சிறு கிண்ணம்) சுட்டவருக்கும் திறந்த தட்டில் சுட்டவருக்கும் ஒரே வெப்பநிலையில் வெவ்வேறு சரக்கு கிடைப்பதற்கு இதுதான் காரணம்.

காமா அலுமினாவின் கணக்கு வேறு. போமைட் எனப்படும் நீரேறிய அலுமினா, 400 முதல் 500 டிகிரிக்குள் எடையில் 15 விழுக்காட்டை நீராக இழந்து காமா அலுமினாவாகிறது. மேலும் சூடேற்றினால் 850 டிகிரி வாக்கில் டெல்டா, 1000 டிகிரி வாக்கில் தீட்டா, 1100 முதல் 1200 டிகிரிக்குள் ஆல்ஃபா என்று படிக அமைப்பு மாறிக்கொண்டே போகும். காமா நிலையில் ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 200 சதுர மீட்டர் இருந்த மேற்பரப்பு, ஆல்ஃபா ஆகும்போது 10 சதுர மீட்டருக்கும் கீழே சரிந்துவிடும். வடிகட்டும் நானோமீட்டர் துளைகளும் அத்துடன் மறைந்துவிடும்.

உலோகத் துகள்கள் பதிந்த வினையூக்கிகளுக்கு டம்மான் வெப்பநிலை என்ற எளிய கணக்கு உதவும். உருகுநிலையைக் கெல்வினில் எழுதிப் பாதியாக்குங்கள். அந்த வெப்பநிலையில் பருமனிலுள்ள அணுக்களே இடம்பெயரத் தொடங்கிவிடும். செம்பு 1085 டிகிரியில், அதாவது 1358 கெல்வினில் உருகும். அதில் பாதி 679 கெல்வின், அதாவது 406 டிகிரி. நிக்கலுக்கு இதே கணக்கு 591 டிகிரி என்று வரும். மேற்பரப்பு அணுக்களோ உருகுநிலையின் பத்தில் மூன்று பங்கிலேயே நகரத் தொடங்கிவிடும். செம்பு வினையூக்கிகளைத் தொழிற்சாலைகளில் 300 டிகிரிக்கு மேல் போகாமல் காப்பது இதனால்தான்.

இவ்வளவையும் அறிந்த பிறகு, உங்கள் பொருளுக்கு மூன்று எண்களைத் தாளில் எழுதுங்கள்: மாற்றம் தொடங்கும் வெப்பநிலை, முடியும் வெப்பநிலை, கெடும் வெப்பநிலை. கெராங் ஓட்டுக்கு 700, 800 முதல் 900, 1000-க்கு மேல். காமா அலுமினாவுக்கு 400, 500 முதல் 600, 800-க்கு மேல். இரண்டாம் எண்ணுக்கும் மூன்றாம் எண்ணுக்கும் நடுவில், இரண்டாம் எண்ணை ஒட்டியே வேலை செய்ய வேண்டும்.

2. கையில் இருக்க வேண்டியவை

சுண்ணாம்புக்கு அலுமினா மூசையோ அலுமினாத் தட்டோ வாங்குங்கள். பீங்கான் மூசை மலிவுதான். ஆனால் அதில் சிலிக்கா இருக்கிறது, அதிவெப்பத்தில் சுண்ணாம்பு அதனுடன் வினைபுரிந்து மூசையையும் அரிக்கும், சரக்கையும் மாசுபடுத்தும். உயரமான மூசையைவிட அகலமான தட்டு நல்லது. வாயு வெளியேற வழி வேண்டும்.

0.01 கிராம் வரை காட்டும் தராசு, நீளமான இடுக்கி, வெப்பக் கையுறை, முகக்கவசம், இறுக மூடும் கண்ணாடிக் குப்பிகள், உலர்த்துக் கலன் ஆகியவை வேண்டும். உலர்த்துக் கலனில் சிலிக்கா ஜெல்லை மட்டும் போட்டால் போதாது. சிலிக்கா ஜெல் ஈரத்தைத்தான் இழுக்கும், கார்பன் டைஆக்சைடை விட்டுவிடும். ஒரு சிறு தட்டில் சோடா சுண்ணாம்பும் வையுங்கள்.

மூசையின் மேல் மார்க்கர் பேனாவால் பெயர் எழுதுகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். அந்த மை எரிந்து மறைந்துவிடும். மாலையில் கதவைத் திறக்கும்போது ஒரே மாதிரியான ஆறு வெள்ளை மூசைகள் இருக்கும், எது யாருடையது என்று ஒருவருக்கும் தெரியாது. எந்த மூசை எந்த இடத்தில் இருக்கிறது என்று குறிப்பேட்டில் படம் வரைந்துகொள்வதே பாதுகாப்பு.

3. உலையை அறிந்துகொள்ளுங்கள்

உலையின் முகப்பில் தெரியும் எண், வெப்பமின் இரட்டையின் (சூட்டை அளக்கும் இரு உலோகக் கம்பிகளின் இணை) முனை இருக்கும் ஒரு புள்ளியின் வெப்பநிலை. கதவோரமும் பின்சுவரும் அதே சூட்டில் இருக்க வேண்டும் என்பதில்லை. சிறிய உலைகளில் பல பத்து டிகிரி வேறுபாடு சாதாரணம். வெளியிலிருந்து ஒரு கே வகை வெப்பமின் இரட்டையைச் செருகி, நடு, நான்கு மூலைகள் என ஐந்து இடங்களில் அளந்து எழுதி வைத்துவிட்டால், எங்கே வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது என்பது ஒரேயடியாகத் தெளிவாகிவிடும்.

அளவுமானியே பொய் சொல்கிறதா என்று பார்க்கச் சமையல் உப்பைவிடத் தூய சோடியம் குளோரைடு பொருத்தம். அது 801 டிகிரியில் உருகும். அலுமினா மூசையில் ஒரு சிட்டிகை வைத்து 790-ல் அரை மணி நேரம் நிறுத்தி, ஆறியபின் பாருங்கள்: படிக மணிகள் அப்படியே இருக்க வேண்டும். அடுத்து 810-ல் அதையே செய்யுங்கள்: கண்ணாடி போல் உருகி உறைந்திருக்க வேண்டும். இதற்குப் பிறகு வெற்று உலையை 900 டிகிரியில் ஒரு மணி நேரம் எரியவிடுவது கட்டாயம், இல்லாவிட்டால் உலைச் சுவரில் படிந்த உப்பாவி அடுத்த சரக்கின் மேல் இறங்கும்.

மின்சாரத்தையும் கவனிக்க வேண்டும். சாதாரண 13 ஆம்பியர் பிளக் ஏறக்குறைய 3 கிலோவாட் வரைதான் தாங்கும். அதைவிடப் பெரிய உலைக்குத் தனி இணைப்பு வேண்டும். மின்சாரம் போய்த் திரும்பினால் உங்கள் கட்டுப்பாட்டுக் கருவி என்ன செய்யும் என்பதையும் கையேட்டில் பார்த்துவிடுங்கள். சில கருவிகள் விட்ட இடத்திலிருந்து மெதுவாகத் தொடரும். சில, இலக்கு வெப்பநிலையை நோக்கி முழு வேகத்தில் பாயும். பின்னதாக இருந்தால் மின்சாரம் திரும்பிவரும்போது உலை அணைந்தே இருக்கும்படி அமைத்துவிடுங்கள்.

4. கழுவுங்கள்

இரவுச் சந்தையில் அவித்த கெராங் விற்கும் கடைகளில் ஓடு இலவசமாகவே கிடைக்கும். ஆனால் அதில் கடலுப்பும் சதைத் துணுக்கும் எண்ணெயும் ஒட்டியிருக்கும். உப்புதான் இவற்றில் பெரிய பகை. ஓடு 800 முதல் 900 டிகிரியில் சுடப்படும்போது உப்பு உருகித் திரவமாகிச் சுண்ணாம்புத் துகள்களுக்கு இடையே பரவும். திரவத்தின் வழியே அணுக்கள் எளிதாக இடம்பெயர்வதால் துகள்கள் விரைந்து ஒட்டிக்கொள்ளும். வெப்பநிலை சரியாக இருந்தும் மேற்பரப்பு போய்விட்டது என்றால் கழுவலைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

கொதிநீரில் வேகவைத்து, கம்பித் தூரிகையால் தேய்த்து, வெறும் நீரில் பலமுறை அலசி, கடைசியாகக் காய்ச்சி வடித்த நீரில் அலசுங்கள். அந்தக் கடைசி நீரில் சில துளி வெள்ளி நைட்ரேட்டு விட்டால் வெண்மை தோன்றக் கூடாது. பிறகு ஓட்டை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் குறுணையாக உடையுங்கள். மாவாக அரைத்தால் தட்டில் இறுகிப் படிந்து வாயுவுக்கு வழி விடாது. மாவாக அரைப்பது சுட்ட பிறகு செய்ய வேண்டிய வேலை.

சவ்வின் பூச்சைத் தாங்கப்போகும் ஆல்ஃபா அலுமினாக் குழாயையும் (இனி ‘தாங்கி’) இதே கண்டிப்போடு சுத்தம் செய்ய வேண்டும். விரல் பட்ட இடத்தில் எண்ணெய் இருக்கும். அந்த இடத்தில் பூச்சு ஒட்டாது. ஒரு தூசி மணி போதும், அங்கே ஊசித் துளை விழுந்துவிடும்.

5. உலர்த்துங்கள்: அவசரம் இங்கேதான் அதிகம் கெடுக்கிறது

ஓட்டுக் குறுணையை 110 டிகிரி அடுப்பில் இரவு முழுவதும் வைத்தால் போதும். சவ்வின் பூச்சுக்குத்தான் பொறுமை வேண்டும்.

போமைட் கூழ்மத்தில் சிறிது பாலிவினைல் ஆல்கஹாலை (நீரில் கரையும் பசை போன்ற பாலிமர்) கலந்து, தாங்கியைச் சில நொடிகள் தொட்டெடுக்கும்போது, தாங்கியின் துளைகள் நீரை உறிஞ்சிக்கொள்ள, போமைட் துகள்கள் மேலே அடுக்காக நிற்கும். அந்த அடுக்கில் எஞ்சியுள்ள நீர் ஆவியாகும்போது என்ன நடக்கிறது என்பதைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஐந்து நானோமீட்டர் விட்டமுள்ள துளையில் நீரின் வளைந்த மேற்பரப்பு உண்டாக்கும் இழுவிசை சுமார் 570 வளிமண்டல அழுத்தத்துக்குச் சமம். அடுக்கின் ஒரு பகுதி முந்திக் காய்ந்து மறுபகுதி ஈரமாக இருந்தால் இந்த இழுவிசையில் வேறுபாடு உண்டாகி அடுக்கு பிளந்துவிடும். உலையில் பிளந்ததாக நினைக்கும் பல சவ்வுகள் உண்மையில் காயும்போதே பிளந்தவை. உலை அந்தப் பிளவை அகலமாக்கிக் காட்டியது, அவ்வளவே.

ஆகவே பூசிய தாங்கியை 40 டிகிரியில், ஏறத்தாழ 60 விழுக்காடு ஈரப்பதமுள்ள மூடிய பெட்டியில், ஒரு நாளாவது வையுங்கள். மின்விசிறிக் காற்றோ குளிர்சாதனக் காற்றோ படக் கூடாது. குளிர்சாதனக் காற்று மிகவும் வறண்டது. நம் ஊரின் இயல்பான புழுக்கமே அதைவிடப் பூச்சுக்கு நல்லது.

அடுக்கு தடிமனாக இருந்தால் எவ்வளவு மெதுவாகக் காயவைத்தாலும் பிளக்கும். சில மைக்ரோமீட்டருக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். தடிமன் வேண்டுமானால் ஒரு மெல்லிய அடுக்கைச் சுட்டு முடித்தபின் இன்னொரு மெல்லிய அடுக்கைப் பூசிச் சுடுவதே வழி. இரண்டாம் அடுக்கு முதல் அடுக்கின் ஊசித் துளைகளையும் மூடும்.

6. உலையில் அடுக்குவதும் சூடேற்றுவதும்

ஓட்டுக் குறுணையை ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உயராமல் தட்டில் பரப்புங்கள், மூடி வேண்டாம். உலையின் காற்றுத் துளையைத் திறந்து வையுங்கள். குவித்து வைத்தால் அடியிலுள்ள குறுணை தான் விட்ட கார்பன் டைஆக்சைடிலேயே மூழ்கிக் கிடக்கும். மேலே சுண்ணாம்பும் அடியில் ஓடுமாகச் சரக்கு இரண்டுபட்டு வரும்.

வெவ்வேறு சரக்குகளை ஒரே சுடுதலில் சேர்க்காதீர்கள். மின்கட்டணத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று ஈர ஓட்டையும் சவ்வையும் ஒன்றாக வைப்பதை அடிக்கடி பார்க்கிறேன். ஓட்டிலிருந்து வரும் நீராவி அலுமினாவின் மேற்பரப்புச் சரிவை வேகப்படுத்தும். உப்பு மிச்சமிருந்தால் அதன் ஆவி சவ்வின் மேல் படியும். இரண்டுக்கும் தேவையான ஏற்ற வேகமும் வேறு.

ஓட்டுக்கு நிமிடத்துக்கு 5 டிகிரி ஏற்றலாம். 250 முதல் 500 டிகிரிக்குள் அதிலுள்ள உயிர்ப்பொருள் எரிந்து நாறும், சில துண்டுகள் வெடிக்கவும் செய்யும். கதவைத் திறந்து பார்க்காதீர்கள்.

சவ்வுக்கு நிமிடத்துக்கு 1 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. அடுக்கு சுருங்க விரும்புகிறது, அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் தாங்கி சுருங்க மறுக்கிறது. இந்த இழுபறியில் 200 முதல் 450 டிகிரி வரையான பகுதியே ஆபத்தானது. பாலிவினைல் ஆல்கஹால் எரிந்து வாயுவாவதும் போமைட் நீரை விடுவதும் இங்கேதான் நடக்கின்றன. 30 டிகிரியிலிருந்து 600 டிகிரிக்குச் செல்ல ஒன்பதரை மணி நேரம் ஆகும். காலை 7 மணிக்குத் தொடங்கினால் 9.50-க்கு 200 டிகிரியும், பிற்பகல் 2 மணிக்கு 450 டிகிரியும் வரும். அதாவது நம் பக்கத்தில் மாலை இடிமழையோடு மின்தடை வரக்கூடிய நேரத்துக்கு முன்பே ஆபத்தான பகுதி கடந்துவிடும். 10 மணிக்குத் தொடங்கினால் அதே பகுதி மழை நேரத்தில் மாட்டும். இதைச் சொன்னால் சிலர் சிறிய விஷயமாக எடுத்துக்கொள்கிறார்கள். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர் வாக்கிலும் இது மிகவும் பெரிய விஷயம்.

நைட்ரேட்டு உப்பில் ஊறவைத்த வினையூக்கியாக இருந்தால், சிதையும்போது செம்பழுப்பு நிற நைட்ரஜன் டைஆக்சைடு வெளிவரும். அது நுரையீரலைப் புண்ணாக்கும், சில மணி நேரம் கழித்துத்தான் மூச்சு முட்டும். வெளியேற்று விசிறி இல்லாத அறையில் அதைச் சுடவே கூடாது.

7. உச்சத்தில் நிறுத்தி வைத்தல்

கெராங் ஓட்டுக்கு 900 டிகிரியில் 2 மணி நேரம், அல்லது நல்ல காற்றோட்டத்துடன் 800 டிகிரியில் 4 மணி நேரம். சவ்வுக்கு 600 டிகிரியில் 3 மணி நேரம். இதில் ஏறக்குறைய 4 முதல் 5 நானோமீட்டர் துளைகள் கிடைக்கும்.

முடிந்ததா என்ற ஐயம் வரும்போது வெப்பநிலையைக் கூட்டாதீர்கள், நேரத்தைக் கூட்டுங்கள். துகள்கள் ஒட்டிப் பெருப்பது வெப்பநிலையோடு மிக வேகமாக ஏறும். ஒரே வெப்பநிலையில் நேரம் நீள நீள அதன் வேகம் தளர்ந்துகொண்டே போகும். 800-ல் கூடுதலாக ஒரு மணி நேரம் தரும் கேட்டைவிட 1000-ல் அரை மணி நேரம் தரும் கேடு பெரிது.

இன்னொரு வகைக் கேடும் உண்டு. மேற்பரப்பிலுள்ள பொருள் தாங்கியோடு கலந்து உள்ளே புதைந்துவிடுவது. அலுமினாவின் மேல் நிக்கல் நைட்ரேட்டை ஏற்றி 400 முதல் 450 டிகிரியில் சுட்டால், பிற்பாடு ஹைட்ரஜனில் எளிதாக ஒடுக்கத்தக்க (ஆக்சிஜனை நீக்கி உலோகமாக்கத்தக்க) நிக்கல் ஆக்சைடு மேலே நிற்கும். அதையே 800 டிகிரியில் சுட்டால், நிக்கல் அலுமினாவுக்குள் நுழைந்து நிக்கல் அலுமினேட்டு ஆகிவிடும். அதை மீட்கவும் 800 டிகிரியை ஒட்டிய ஒடுக்கம் வேண்டும், அந்தச் சூட்டில் விடுபடும் நிக்கல் துகள்களும் பெருத்தே வரும். இந்தக் கேட்டைக் கண்டறியக் கருவி தேவையில்லை. கறுப்போ சாம்பலோ ஆக வேண்டிய சரக்கு நீலம் பூத்து வந்தால் நிக்கல் உள்ளே போய்விட்டது என்று பொருள்.

8. ஆறவைப்பதும் சேமிப்பதும்

சவ்வை உலையோடு சேர்ந்தே ஆறவிடுங்கள், நிமிடத்துக்கு 1 முதல் 2 டிகிரிக்கு மேல் இறங்க வேண்டாம். அலுமினா திடீரென்று 200 டிகிரி வேறுபாட்டைச் சந்தித்தாலே விரிசல் விடக்கூடியது. 400 டிகிரியில் கதவைத் திறந்தால் அறைக்காற்று அதைத்தான் செய்யும். 100 டிகிரிக்குக் கீழே இறங்கிய பிறகு திறப்பதே நல்லது.

சுண்ணாம்புக்கு இதற்கு நேர்மாறான கவலை. புதிதாகச் சுட்ட சுண்ணாம்பின் மேற்பரப்பு நம் ஊர்க் காற்றின் ஈரத்தையும் கார்பன் டைஆக்சைடையும் உடனே பிடித்துக்கொள்ளும். பயோடீசல் வினையை நடத்தும் காரத் தளங்கள் ஒவ்வொன்றாக ஹைட்ராக்சைடாலும் கார்பனேட்டாலும் மூடப்படும். முழுவதும் ஆறும் வரை இரவெல்லாம் உலையில் விட்டால், காற்றுத் துளை வழியே இந்தக் கேடு நடந்துகொண்டே இருக்கும். 200 டிகிரி வாக்கில் இடுக்கியால் எடுத்து உலர்த்துக் கலனில் வையுங்கள். முதல் சில நிமிடங்கள் அதன் மூடியைச் சற்றே நகர்த்தி, விரிந்த காற்று வெளியேற இடம் கொடுங்கள், இல்லாவிட்டால் மூடி தூக்கிக்கொண்டு விழும். ஆறியதும் விரைந்து அரைத்து, குப்பி நிறையப் போட்டு இறுக மூடுங்கள். பெரிய குப்பி ஒன்றைவிடச் சிறிய குப்பிகள் பல நல்லது, ஏனெனில் திறக்கும் ஒவ்வொரு முறையும் உள்ளே புதுக் காற்று போகிறது.

சுட்ட சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். அரைக்கும்போது கண்ணாடியைக் கழற்றாதீர்கள்.

9. சோதித்துப் பாருங்கள்

முதல் சோதனை தராசு. 50 கிராம் உலர்ந்த குறுணை 28 கிராம் சுண்ணாம்பாக வர வேண்டும். ஓட்டில் உயிர்ப்பொருளும் இருப்பதால் இன்னும் சற்றுக் குறைவாக வந்தாலும் சரியே. 35 கிராம் இருந்தால் இழப்பு 30 விழுக்காடுதான், அதாவது மூன்றில் ஒரு பங்கு ஓடு இன்னும் சிதையவில்லை.

இரண்டாம் சோதனை அமிலத் துளி. இதில் ஒரு தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. ‘அண்ணே, 900-ல ரெண்டு மணி நேரம் வெச்சேன், இன்னும் பொங்குதே’ என்று வருகிறவர்கள் உலர்ந்த சுண்ணாம்பின் மேல் நேரே அமிலத்தை விட்டிருப்பார்கள். சுண்ணாம்பு நீரோடு சேரும் வெப்பத்தில் கொதித்துச் சீறுவது கார்பன் டைஆக்சைடு போலவே தோன்றும். முதலில் சிறு அளவு தூளை நிறைய நீரில் விட்டு, முழுவதும் ஆறிய பிறகு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றுங்கள். அப்போதும் குமிழி வந்தால்தான் கார்பனேட்டு மிச்சம் இருக்கிறது.

மூன்றாவது, நீரில் சூடேறும் வேகம். 10 கிராம் தூளை 40 கிராம் நீரில் கலக்கிக்கொண்டே வெப்பநிலைமானியைப் பாருங்கள். நன்றாகச் சுட்டது விரைந்து சூடேறும். அளவுக்கு மேல் சுட்டது, வேதியியலில் அதே சுண்ணாம்பாக இருந்தும், துகள்கள் பெருத்துவிட்டதால் மந்தமாக ஏறும். ஒவ்வொரு சுடுதலுக்கும் இந்த வேகத்தை எழுதி வைத்தால் மேற்பரப்பு எப்படிப் போகிறது என்பதை விலை உயர்ந்த கருவியில்லாமலே தொடர்ந்து கவனிக்கலாம்.

எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவுக் கருவி கிடைத்தால் இன்னும் உறுதியாகத் தெரியும். செம்புக் கதிரில் சுட்ட சுண்ணாம்பு 37.4 டிகிரி கோணத்திலும், ஹைட்ராக்சைடு 18 மற்றும் 34.1-லும், கார்பனேட்டு 29.4-லும் முகடு காட்டும். நிபோங் திபாலில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் இருப்பதால் நம் மாதிரி வெகுதூரம் பயணம் செய்ய வேண்டியதில்லை. ஆனால் குப்பியைத் திறந்த நேரத்தையும் அளந்த நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஹைட்ராக்சைடு முகடு உயர்ந்திருந்தால் குறை உலையில் இல்லை, வழியில் இருக்கிறது.

சவ்வுக்குக் குமிழிச் சோதனை செய்யுங்கள். எத்தனாலில் ஊறவைத்து, ஒரு பக்கம் நைட்ரஜன் அழுத்தத்தை மெதுவாக ஏற்றுங்கள். ஒரு மைக்ரோமீட்டர் அகல விரிசல் இருந்தால் 0.9 பார் (ஒரு பார் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம்) எட்டுவதற்குள்ளேயே குமிழி வரும். ஐந்து நானோமீட்டர் துளை திறக்கவோ 170 பாருக்கு மேல் வேண்டும். ஆகவே சில பாருக்குள் குமிழி வந்தால் அது துளையல்ல, விரிசல். எங்கிருந்து வருகிறது என்பதையும் பாருங்கள்: முனைகளில் மட்டும் வந்தால் அடைப்பு வளையத்தின் குறையாக இருக்கலாம்.

10. பயன்படுத்திய சரக்கை மறுபடியும் சுடுவது

பயன்படுத்திய சுண்ணாம்பின் மேல் கிளிசரினும் எண்ணெயும் படிந்திருக்கும். மெத்தனாலில் அலசி, ஆவி முழுவதும் போகும் வரை வெளிக்காற்றில் உலர்த்திய பிறகே உலைக்குக் கொண்டுவர வேண்டும். மெத்தனால் ஆவி தங்கிய தட்டைச் சூடான உலையில் வைப்பது வெடிப்பை வரவழைப்பது. எரியக்கூடிய படிவு மிகுந்திருந்தால் 450 முதல் 550 டிகிரிக்குள் நிதானமாக எரித்து முடித்துவிட்டு மேலே ஏற்றுங்கள். வேகமாக ஏற்றினால் படிவே எரிந்து, முகப்பில் தெரியும் எண்ணைவிடப் பல மடங்கு வேகமாகச் சரக்கின் உள்ளே சூட்டை உயர்த்தும். சேமிப்பில் கார்பனேட்டு மட்டும் படிந்த சுண்ணாம்பை, நல்ல காற்றோட்டத்தில் 700 டிகிரிக்கு மேல் ஏற்றி மீட்கலாம்; ஹைட்ராக்சைடு அதற்கு முன்பே, 500 டிகிரி வாக்கில் போய்விடும். பழைய சமையல் எண்ணெயின் கொழுப்பு அமிலத்தால் சுண்ணாம்பு சோப்பாகியிருந்தால், சுடுவதற்கு முன் எண்ணெயைச் சீர்செய்வதுதான் வேலை.

செம்பனை ஆலைக் கழிவுநீரை வடித்த சவ்வுக்கு முதலில் கழுவல், பிறகுதான் சூடு. அந்தக் கழிவுநீரில் பொட்டாசியம் நிறைய உண்டு. கழுவாமல் சுட்டால் அந்த உப்பு, ஓட்டில் கடலுப்பு செய்யும் வேலையை இங்கே செய்யும். காமா அலுமினா வலிய அமிலத்தில் கரையும், ஆகவே பிஎச் 4-க்குக் கீழே போகாத மென்மையான சிட்ரிக் அமிலக் கழுவலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பிறகு ஐந்தாம் படியில் சொன்னபடி உலர்த்தி, நிமிடத்துக்கு 1 டிகிரி வீதம் ஏற்றி, 450 முதல் 500 டிகிரிக்குள் படிவை எரியுங்கள். முதலில் சுட்ட 600 டிகிரியை இந்தச் சுடுதல் எட்டவே கூடாது. ஒவ்வொரு முறையும் குமிழிச் சோதனை செய்யுங்கள். குமிழி வரும் அழுத்தம் முந்தைய எண்ணைவிடத் தெளிவாக இறங்கியிருந்தால், அந்தக் குழாயின் மேல் இன்னொரு மெல்லிய போமைட் அடுக்கைப் பூசி, உலர்த்தும் பெட்டியிலிருந்து வேலையைத் தொடங்குங்கள்.